கையெழுத்திடுபவர் ஒருவர், கட்டுபவர் பலர்: சென்னையில் வீடு கட்ட ஒப்பந்தக்காரரை அமர்த்துவது எப்படி?

சென்னையில் சொந்த மனையில் வீடு கட்டத் தொடங்கும் ஒருவர் பெரும்பாலும் ஒரே ஒரு காண்ட்ராக்டரிடம்தான் பேசுகிறார். அவரிடம்தான் முன்பணத்தையும் கொடுக்கிறார். ஆனால் வானம் தோண்டும் நாள் தொடங்கிப் பால் காய்ச்சும் நாள் வரை அந்த மனைக்குள் பத்துப் பன்னிரண்டு தனித்தனிக் குழுக்கள் வந்து போகின்றன. ஜேசிபிக்காரர், கம்பி கட்டுபவர்கள், கான்கிரீட்டைத் தாங்கப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் ஆட்கள், கொத்தனாரும் சித்தாள்களும், கான்கிரீட் போடும் கூட்டம், எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர், கிரில் வெல்டர், டைல்ஸ் ஒட்டுபவர், பெயிண்டர் என்று நீளும் இந்த வரிசையில் காண்ட்ராக்டரிடம் மாதச் சம்பளம் வாங்குபவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் எல்லோரும் அவரிடமிருந்து துண்டு துண்டாக வேலையை எடுத்துச் செய்யும் உள் ஒப்பந்தக்காரர்கள். சென்ட்ரிங்கும் டைல்ஸும் சதுர அடிக் கணக்கு, கம்பி கட்டுவது டன் கணக்கு, மின்வேலை பாயிண்ட் கணக்கு, கிரில் கிலோ கணக்கு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு ரேட் உண்டு.

எனவே காண்ட்ராக்டரைத் தேர்ந்தெடுப்பது என்பது உண்மையில் அவருக்குப் பின்னால் வரும் இந்தக் குழுக்களைத் தேர்ந்தெடுப்பதுதான். என் வீட்டைக் கட்டிய பிறகுதான் இது எனக்குப் புரிந்தது. தங்கையின் வீட்டுக்கும் நண்பர் ஒருவரின் வீட்டுக்கும் உடனிருந்தபோது இந்த ஒன்றை மட்டும் மனத்தில் வைத்தே எல்லாவற்றையும் முடிவு செய்தோம். முதன்முறையாக வீடு கட்டுபவர்களுக்காக, செய்ய வேண்டியவற்றை அவற்றின் வரிசையிலேயே எழுதுகிறேன்.

காண்ட்ராக்டரைத் தேடுவதற்கு முன்

வரைபடம் இல்லாமல் எந்தக் காண்ட்ராக்டரிடமும் ரேட் கேட்காதீர்கள். அரை கிரவுண்டு மனை, அதாவது 1,200 சதுர அடி, "கீழே ரெண்டு பெட்ரூம், மேலே ரெண்டு" என்று வாயால் சொல்லிக் கேட்கும் ரேட்டுக்கு எந்த மதிப்பும் இல்லை. கேட்கும் ஐந்து பேரும் ஐந்து வெவ்வேறு வீடுகளை மனத்தில் வைத்துப் பதில் சொல்வார்கள்.

பல காண்ட்ராக்டர்கள் வரைபடத்தையும் அனுமதியையும் தாங்களே இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்வார்கள். இதை ஏற்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கம்பி எத்தனை எம்எம், தூண் எவ்வளவு அகலம் என்று முடிவு செய்பவரும், அந்தக் கம்பியைத் தன் பணத்தில் வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைத் தனியாக அமர்த்தி, வரைபடத்துக்கு ஒரு தொகை, கட்டும்போது வந்து பார்ப்பதற்கு ஒரு தொகை என்று பேசிக்கொள்ளுங்கள். அடித்தளக் கம்பி, தூண் கம்பி, ஒவ்வொரு தளத்தின் கூரைக் கம்பி ஆகியவற்றை அவர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே கான்கிரீட் போடப்பட வேண்டும். மொத்தச் செலவில் இது சிறு தொகைதான். கான்கிரீட்டுக்குள் மறைந்த பிறகு எவ்வளவு செலவழித்தாலும் பார்க்க முடியாத ஒன்றை இந்தத் தொகைக்குத்தான் பார்க்கிறோம்.

மண் பரிசோதனையும் இந்தக் கட்டத்தில்தான் செய்ய வேண்டும். சென்னை ஒரே மண்ணால் ஆன ஊர் அல்ல. பெசன்ட் நகர், திருவான்மியூர் கரையோரம் மணல். பள்ளிக்கரணையைச் சுற்றிச் சதுப்பும் களிமண்ணும். பல்லாவரம் பக்கம் தோண்டினால் பாறை. களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அங்கே சாதாரண அடித்தளம் போதுமா, ஆழமாகத் துளையிட்டுத் தூண் இறக்கும் பைல் போட வேண்டுமா என்பது பரிசோதனை அறிக்கை வந்தால்தான் தெரியும். அறிக்கை இல்லாமல் ஒப்பந்தம் போட்டால், "ஐந்து அடிக்கு மேல் தோண்டினால் எக்ஸ்ட்ரா" என்ற ஒரு வரியிலேயே உங்கள் பட்ஜெட் உடைந்துவிடும்.

அனுமதியைப் பொறுத்தவரை, 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டப்படும் தரைத்தள வீட்டுக்கும், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கும் இணையவழியில் உடனடியாக அனுமதி கிடைக்கிறது. அதைவிடப் பெரிய கட்டடங்களுக்கு மாநகராட்சி அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) வழியாக வழக்கமான முறையில் விண்ணப்பிக்க வேண்டும். சுயசான்று என்றால் பொறுப்பு முழுவதும் உங்களுடையது என்று பொருள். பக்கத்தில் விட வேண்டிய இடத்தை விடாமல் கட்டிவிட்டு, "காண்ட்ராக்டர்தான் அப்படிச் சொன்னார்" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

காலத்தையும் இப்போதே கணக்கிட வேண்டும். ஆடியில் பூஜை போடக் கூடாது என்று காத்திருந்து ஆவணியில் தொடங்குபவர்கள் நம்மில் அதிகம். அடித்தளப் பள்ளம் வாய் திறந்து கிடக்கும் நேரத்தில் ஐப்பசி வந்து, வடகிழக்குப் பருவமழையில் தினமும் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பொங்கல் முடிந்து தையில் தொடங்கினால், அக்டோபர் மழைக்கு முன்பே கூரை போட்டுவிடலாம்; மழைக்காலத்தில் உள்ளே பூச்சு வேலையும் மின்வேலையும் நடக்கும்.

எந்த வகை ஒப்பந்தம்?

சென்னையில் வழக்கத்தில் இருப்பவை முக்கியமாக மூன்று. முதலாவது மெட்டீரியல் காண்ட்ராக்ட்: பொருளும் ஆளும் அவருடையது, சதுர அடிக்கு இவ்வளவு. இரண்டாவது லேபர் காண்ட்ராக்ட்: சிமெண்டு, கம்பி, ஜல்லி, எம்-சாண்ட் (பாறையை அரைத்துச் செய்யும் மணல்) எல்லாம் நீங்கள் வாங்கித் தர வேண்டும், கூலி மட்டும் சதுர அடிக் கணக்கில். மூன்றாவது, கட்டட வேலையை ஒருவரிடமும், மின்வேலை, பிளம்பிங், டைல்ஸ், பெயிண்டிங் ஆகியவற்றை நீங்களே தனித்தனி ஆட்களிடமும் கொடுப்பது.

வேலைக்குப் போகிறவர், தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மனையில் நிற்க முடியாதவர் என்றால் முதலாவதே நல்லது. வீட்டில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் முழு நேரமும் மேற்பார்வை பார்ப்பார் என்றால் லேபர் காண்ட்ராக்ட் செலவைக் குறைக்கும், பொருளின் தரமும் நம் கையில் இருக்கும். ஆனால் மூட்டைக் கணக்கு, லாரிக் கணக்கு எல்லாம் அவர் தலையில்தான் விழும். எம்-சாண்டும் ஜல்லியும் யூனிட் கணக்கில் வரும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரியின் உட்புறம் 14 அடி நீளமும் 7 அடி அகலமும் இருந்து, மணல் 4 அடி உயரத்துக்கு நிரம்பியிருந்தால் 392 கன அடி, அதாவது ஏறக்குறைய நான்கு யூனிட். கொட்டுவதற்கு முன் டேப் பிடித்து அளக்கும் வழக்கத்தை முதல் லாரியிலேயே தொடங்கிவிட வேண்டும்; ஐந்தாவது லாரியில் தொடங்கினால் சண்டையாகிவிடும். கம்பிக்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. விட்டத்தை எம்எம்மில் எடுத்து அதையே அதனால் பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 எம்எம் கம்பி 12 மீட்டர் நீளம் இருந்தால் ஏறக்குறைய 10.7 கிலோ இருக்க வேண்டும்.

மூன்றாவது வகையை முதன்முறை வீடு கட்டுபவருக்கு நான் சொல்ல மாட்டேன். காரணம் பணமோ நேரமோ மட்டும் அல்ல. இருவருக்கு நடுவில் விழும் வேலைகள்தான். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

ஆளைப் பார்ப்பது

குறைந்தது மூன்று பேரிடம் ஒரே வரைபடத்தையும் ஒரே பொருள் பட்டியலையும் கொடுத்து எழுத்தில் ரேட் வாங்குங்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் இரண்டு வீடுகளைக் காட்டச் சொல்லுங்கள்: ஒன்று இப்போது கட்டிக்கொண்டிருக்கும் வீடு, மற்றொன்று முடித்துக் கொடுத்து மூன்று மழைக்காலமாவது கண்ட வீடு. புதிதாகப் பெயிண்ட் அடித்த வீட்டைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. பழைய வீட்டில் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் தளத்தைத் தொடும் மூலை, பாத்ரூமுக்குக் கீழே உள்ள அறையின் கூரை, வெளிச்சுவரில் சன்ஷேடுக்கு மேலே உள்ள பகுதி ஆகிய மூன்று இடங்களைப் பாருங்கள். கசிவு இருந்தால் அங்கேதான் தெரியும். அந்த வீட்டுக்காரரிடம் காண்ட்ராக்டர் பக்கத்தில் இல்லாதபோது பேசுங்கள். "நன்றாகக் கட்டினாரா?" என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். "கடைசி பில் எப்போது கொடுத்தீர்கள், அதன் பிறகு கூப்பிட்டால் வந்தாரா?" என்று கேட்டால் உண்மை வெளிவரும்.

வேலை நடக்கும் வீட்டுக்குப் போகும்போது பதினொரு மணி டீ நேரத்தில் போவது நல்லது. மேஸ்திரியிடம் "அண்ணே, இவரோட எத்தனை வருஷமா வேலை பண்றீங்க?" என்று கேளுங்கள். "ஆறேழு வருஷமா எல்லா சைட்டும் நாங்கதான்" என்று வரும் பதிலுக்கும், "இந்த சைட்டுக்குத்தான் வந்தோம் சார்" என்று வரும் பதிலுக்கும் உள்ள வேறுபாடு, எந்த விளம்பரத்தையும் விட அதிகம் சொல்லும். ஒரே குழுக்களை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் காண்ட்ராக்டர் அவர்களுக்கு ஒழுங்காகப் பணம் கொடுக்கிறார் என்றுதான் பொருள்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தரைத்தளக் கூரைக்குக் கான்கிரீட் போடும் நாள். காலை ஆறு மணிக்கே மிக்சர் இயந்திரம் வந்து நின்றுவிட்டது. ஜல்லியும் எம்-சாண்டும் தெருவோரம் குவிந்திருந்தன. இருபது பேருக்கு மேல் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தார்கள். கூரைக் கம்பிக்கு இடையில் மின்குழாய் பதித்து, ஒவ்வொரு அறைக்கும் ஃபேன் பாக்ஸ் வைக்க வேண்டிய எலக்ட்ரீஷியன் முந்தைய நாளே வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவருக்குப் பதிலாக வந்த பையன் அவசர அவசரமாகக் குழாய்களைப் பதித்தான். கான்கிரீட் தொடங்கியது. பலகை பிரித்த பிறகு பார்த்தால் இரண்டு அறைகளில் ஃபேன் பாக்ஸே இல்லை. கூரையைக் குடைந்து கொக்கி மாட்ட நேர்ந்தது. குடைந்ததில் ஒரு கம்பியும் அறுபட்டது. சில வாரங்கள் கழித்து அந்த எலக்ட்ரீஷியனை டீக்கடையில் பார்த்தபோது கேட்டேன். "முன்னாடி ரெண்டு வீட்டுக் காசே இன்னும் வரல சார். உங்க வீட்டுக்கு எப்படி வர்றது?" என்றார். நான் காண்ட்ராக்டருக்கு ஒரு ரூபாய்கூடப் பாக்கி வைத்திருக்கவில்லை. என் பணம் வேறு யாருடைய வீட்டுக்கோ சிமெண்டாகப் போயிருந்தது.

ரேட்டை ஒப்பிடுவது

ஒருவர் சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்றும், இன்னொருவர் 2,500 ரூபாய் என்றும் சொல்வதாக வைத்துக்கொள்வோம். 1,800 சதுர அடி வீட்டுக்கு வேறுபாடு 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். முதலாமவர் மலிவு என்று முடிவு கட்டிவிடலாமா? சம்ப் (தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர், கேட், மழைநீர் சேகரிப்புத் தொட்டி, பரண், மொட்டைமாடித் தட்டோடு ஆகியவை அந்த ரேட்டுக்குள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்ப்புக்கு லிட்டர் கணக்கு, சுற்றுச்சுவருக்கு ஓடும் அடிக் கணக்கு என்று தனியாக வரும். போர்ட்டிகோ, பால்கனி, படிக்கட்டின் தலைப்பகுதி ஆகியவற்றின் பரப்பை முழுதாக எண்ணுகிறாரா, பாதியாக எண்ணுகிறாரா என்பதும் முக்கியம். இவற்றைச் சேர்த்துக் கூட்டினால் மலிவானவர் விலை கூடியவராக மாறுவது சாதாரணம்.

வரியையும் அப்போதே பேசிவிட வேண்டும். பொருளோடு சேர்த்த ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 45 லட்சம் ரூபாய் வேலைக்கு அது 8 லட்சத்து 10 ஆயிரம். ரேட் அதை உள்ளடக்கியதா என்று கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். தனி வீட்டுக்கான வெறும் கூலி ஒப்பந்தத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஒரே காண்ட்ராக்டருக்கு ஒரு நிதியாண்டில் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தால், 2 சதவீத வருமான வரியைப் பிடித்துக் கட்ட வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரருக்கு வருகிறது. இதற்கு இருவரின் பான் எண்ணும் போதும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

முத்திரைத்தாளில் இரண்டு பக்கம் எழுதி, "தரமான பொருட்களால் சிறந்த முறையில் கட்டித் தரப்படும்" என்று முடித்துவிடும் ஒப்பந்தங்கள் ஏராளம். அந்த வரியை வைத்து எதையும் கேட்க முடியாது. சிமெண்டு எந்தக் கம்பெனி, கம்பி எந்தக் கம்பெனி, எந்த ரகம், கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம்20-ஆ எம்25-ஆ, செங்கலா பிளாக்கா, குழாயும் ஒயரும் எந்தக் கம்பெனி, டைல்ஸ் சதுர அடிக்கு எவ்வளவு விலை வரை, வாசற்கால் எந்த மரம் என்று எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். தரைமட்டம் சாலையிலிருந்து எத்தனை அடி உயரம் என்பதும் ஒரு வரியாக இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியும் முடிச்சூரும் எப்படி இருந்தன என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சாலை ஒவ்வொரு முறை போடப்படும்போதும் உயரக்கூடும் என்பதையும் சேர்த்தே அந்த உயரத்தை முடிவு செய்ய வேண்டும்.

உள் ஒப்பந்தக்காரர்கள் பற்றிய பகுதிதான் பெரும்பாலான ஒப்பந்தங்களில் காணாமல் போகிறது. நான்கு வரிகள் போதும். கம்பி, சென்ட்ரிங், கொத்து, மின்வேலை, பிளம்பிங் ஆகியவற்றைச் செய்யப் போகும் குழுத் தலைவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் இணைப்பாகத் தரப்பட வேண்டும். வீட்டுக்காரருக்குத் தெரிவிக்காமல் அவர்களை மாற்றக் கூடாது. ஒவ்வொரு தவணை கேட்கும்போதும், முந்தைய கட்டத்தில் வேலை செய்தவர்களுக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது என்பதற்கு அவர்களின் கையெழுத்தோடு ரசீது காட்ட வேண்டும். கொடுக்கவில்லை என்று தெரிந்தால், வீட்டுக்காரரே நேராகக் கொடுத்துவிட்டு அதைக் காண்ட்ராக்டரின் தவணையில் கழித்துக்கொள்ளலாம். தங்கையின் வீட்டு ஒப்பந்தத்தில் இதை எழுதக் கேட்டபோது ஒரு காண்ட்ராக்டர் "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று எழுந்து போய்விட்டார். இன்னொருவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டு, தன் ஆட்களின் எண்களை அங்கேயே எழுதிக் கொடுத்தார். அவரைத்தான் அமர்த்தினோம்.

தவணை விஷயத்தில் விதி ஒன்றே: பணம் எப்போதும் வேலைக்குப் பின்னால் வர வேண்டும். முன்பணம் 5 சதவீதம், பேஸ்மெண்ட் (வீட்டின் தரைமட்டம் வரையிலான அடிப்பகுதி) முடிந்ததும் 15, தரைத்தளக் கூரை முடிந்ததும் 20, முதல் தளக் கூரை முடிந்ததும் 20, சுவரும் பூச்சும் முடிந்ததும் 15, டைல்ஸும் கதவும் முடிந்ததும் 10, பெயிண்ட் முடிந்து சாவி கொடுக்கும்போது 10, மீதி 5 சதவீதம் ஒரு வடகிழக்குப் பருவமழை கழிந்த பிறகு என்று பிரித்தால் இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கும். "கம்பி விலை ஏறப் போகுது, இப்பவே வாங்கிப் போட்டுடலாம்" என்று அடுத்த தவணையை முன்கூட்டிக் கேட்டால், அந்தத் தொகையைக் கம்பிக் கடைக்கு நீங்களே நேராகச் செலுத்திக் கம்பியை மனையில் இறக்குங்கள். வங்கிக் கடன் வாங்குபவர்கள், வங்கி பணம் விடுவிக்கும் கட்டங்களும் ஒப்பந்தத்தின் கட்டங்களும் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வேலை முடிந்தும் பணம் வராமல், உண்மையாக உழைத்தவர்கள் கூலிக்குக் காத்திருப்பார்கள். அந்தத் தவறு நம்முடையதாகிவிடும்.

கூடுதல் வேலை எதுவாக இருந்தாலும் ரேட்டை எழுதிக் கையெழுத்திட்ட பிறகே செய்ய வேண்டும் என்றும், வேலையாட்களுக்கு விபத்துக் காப்பீடு காண்ட்ராக்டர் பொறுப்பு என்றும், இடிபாடுகளை மாநகராட்சி ஒதுக்கிய இடத்துக்கு அவரே அகற்ற வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். காப்பீட்டுக்கு ரசீதைக் கேட்டு வாங்குங்கள். சாரத்தில் ஏறி நிற்பவருக்கும் ஊரில் ஒரு குடும்பம் இருக்கிறது.

இருவருக்கு நடுவில் விழும் வேலைகள்

வீட்டின் குறைகளில் பெரும்பாலானவை, யாரோ வேலையை மோசமாகச் செய்ததால் வருபவை அல்ல. ஒருவர் முடித்துவிட்டுப் போன பிறகு, அடுத்தவர் தொடங்குவதற்கு முன், யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும் வேலைகளால் வருபவை. இவற்றை யார் செய்வது என்று முன்பே பெயர் போட்டு எழுதுவதுதான் மேற்பார்வையின் சாரம்.

கூரைக் கான்கிரீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரிங் ஆள் பலகை அடித்துவிட்டுப் போகிறார். கம்பி கட்டுபவர் கட்டிவிட்டுப் போகிறார். எலக்ட்ரீஷியன் குழாய்களைப் பதிக்கும்போது கட்டிய கம்பியை மிதித்து அழுத்திவிடுகிறார். மறுநாள் கான்கிரீட் கூட்டம் வருகிறது. கம்பி பலகையில் ஒட்டிக்கொண்டு கிடந்தால், பலகையைப் பிரித்ததும் அது வெளியே தெரியும், சில ஆண்டுகளில் துருப்பிடித்துக் காரையைத் தள்ளிவிடும். கூரைத் தளத்தில் கம்பிக்குக் கீழே 20 எம்எம் இடைவெளி இருக்க வேண்டும். தூணில் 40, அடித்தளத்தில் 50. இதற்காகக் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் என்னும் சிறு கட்டைகளை வைக்கிறார்கள். முந்தைய நாள் மாலையில், வெளிச்சம் இருக்கும்போதே கூரைமேல் ஏறி, குனிந்து, கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பாருங்கள். அறையின் நடுவிலும் ஓரத்திலும் ஐந்தாறு இடங்களில் விரல் தாராளமாக நுழைந்தால் சரி. ஃபேன் பாக்ஸ்களையும் விளக்குப் பாயிண்டுகளையும் வரைபடத்தோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். நான் எண்ணவில்லை.

கான்கிரீட் போடும்போது கலவை கெட்டியாக இருந்தால் கொட்டுவதும் பரப்புவதும் கடினம் என்பதால், "கொஞ்சம் இளகினாத்தான் ஓடும் சார்" என்று தண்ணீரைச் சேர்ப்பார்கள். கூடுதல் தண்ணீர் கான்கிரீட்டின் வலிமையைக் குறைக்கும். அன்று முழுவதும் மிக்சர் அருகில் உங்கள் பொறியாளரின் ஆள் ஒருவர் நின்றே ஆக வேண்டும். கலக்கும் தண்ணீரையும் ஒருமுறை சோதனைச் சாலையில் கொடுத்துப் பாருங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. கடலோரப் பகுதிகளில் உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் இந்த அளவு தாண்டியிருக்கக்கூடும்.

போட்ட பிறகு நீராற்றுவது யார்? கான்கிரீட் கூட்டம் அன்றே போய்விடுகிறது; கொத்தனார் அடுத்த சைட்டில் இருக்கிறார். இது யாருடைய ரேட்டிலும் இல்லாத வேலை. இப்போது பெரும்பாலும் பயன்படும் பிபிசி (நிலக்கரிச் சாம்பல் கலந்த) சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். சென்னை வெயிலுக்கு இரண்டு வாரம் வைத்துக்கொள்வது நல்லது. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தவும், தூண்களுக்குச் சாக்குச் சுற்றி நனைக்கவும், மனையிலேயே தங்கும் வாட்ச்மேனுக்குத் தனியாக ஒரு தொகை பேசிக் கொடுத்துவிடுவதே எங்கள் அனுபவத்தில் பலித்த வழி. சென்ட்ரிங் ஆட்களுக்குப் பலகை அடுத்த சைட்டுக்குத் தேவைப்படுவதால் சீக்கிரம் பிரிக்கக் கேட்பார்கள். நாலரை மீட்டர் வரையிலான தளத்தின் முட்டுகளுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், ஆறு மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாள் என்பவை சாதாரண சிமெண்டுக்கான குறைந்தபட்ச அளவுகள். பிபிசி என்றால் இன்னும் சில நாள் கூட்டி, பொறியாளர் சொன்ன பிறகே பிரிக்க விட வேண்டும்.

அடுத்து பாத்ரூம். பிளம்பர் குழாய் பதிக்கிறார், கொத்தனார் பூசுகிறார், வாட்டர்ப்ரூஃபிங் ஆள் வருகிறார், டைல்ஸ்காரர் ஒட்டுகிறார். நான்கு பேர், குழாய்க்காகத் தாழ்த்தி விட்ட ஒரே பள்ளம். கசிந்தால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கை காட்டுவார்கள். அதனால் ஒவ்வொருவரின் வேலையையும் அடுத்தவர் கை வைப்பதற்கு முன் சோதித்துவிட வேண்டும். குழாய்களில் கை பம்ப்பால் அழுத்தம் ஏற்றி, மறுநாள் காலை வரை அழுத்தம் காட்டும் முள் இறங்காமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பூச வேண்டும். வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் பள்ளத்தில் தண்ணீர் நிறுத்தி, இரண்டு நாள் கழித்துக் கீழ் அறையின் கூரையைப் பார்த்த பிறகே டைல்ஸ். சுவரை மூடுவதற்கு முன் எல்லாக் குழாய்களையும் ஒயர் பாதைகளையும் டேப் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் ஆணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் உதவும். பிளம்பரோ எலக்ட்ரீஷியனோ தூணையும் பீமையும் உளியால் தொடக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

வேலை நின்றுவிட்டால்

பாதியில் காண்ட்ராக்டர் வராமல் போனால், கோபத்தில் உடனே வேறு ஆளை இறக்கிவிடாதீர்கள். முதலில் எழுத்தில் கெடு கொடுத்துப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். பிறகு பொறியாளரை அழைத்து, அதுவரை நடந்த வேலையை அளந்து, படங்களோடு அறிக்கையாக எழுதி வாங்குங்கள். புதிய ஆள் கை வைத்துவிட்டால் எது யாருடைய வேலை என்று நிறுவ முடியாது. சொந்த மனையில் தனி வீடு கட்டித் தரும் காண்ட்ராக்டர் மீது ரெரா என்னும் மனை, கட்டட விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தில் முறையிட வழியில்லை. ஆனால் கட்டித் தருவது சேவை என்பதால் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம்; பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அங்கே பேசப்போவது நீங்கள் கையெழுத்து வாங்கிய தாள்களும் வங்கி வழியாகக் கொடுத்த தொகைகளும்தான். ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்தது நிற்பது கடினம்.

வேலை நல்லபடியாக முடிந்தால், சாவி வாங்கும் நாளில் மோட்டார், சுவிட்ச், டைல்ஸ் ஆகியவற்றின் ரசீதுகளையும் உத்தரவாத அட்டைகளையும், மின்பாதை, குழாய்ப் பாதை வரைபடங்களையும், மீதமிருக்கும் ஒரு பெட்டி டைல்ஸையும் கேட்டு வாங்கி வையுங்கள். அந்தக் கடைசி 5 சதவீதத்தை வங்கியில் தனியாகப் போட்டு வையுங்கள். மழை ஓய்ந்த பின் மார்கழியில் ஒரு நாள் காண்ட்ராக்டரையும் மேஸ்திரியையும் வீட்டுக்கு அழைத்து, மூவரும் சேர்ந்து மொட்டைமாடி மூலைகளையும், பாத்ரூம்களின் கீழ்க்கூரைகளையும், ஜன்னல் ஓரங்களையும் பாருங்கள். ஈரம் இருக்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, சரிசெய்து முடித்த அன்றே பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.